சென்னைக் கல்லூரிகளின் கொள்முதல் குழுக்களுக்கு: டெண்டரில் '32 கோர்' என்று மட்டும் எழுதாதீர்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளின் கொள்முதல் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கிண்டி, தாம்பரம், ஓஎம்ஆர் பக்கத்துக் கல்லூரிகளுக்கு சர்வர் நிறுவிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. இன்டெலும் மாட்டுகிறேன், ஏஎம்டியும் மாட்டுகிறேன். உங்கள் டெண்டர்களில் அச்சு மாறாமல் வரும் ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்: "இரண்டு ப்ராசஸர், தலா 32 கோர் அல்லது அதற்கு மேல், 512 ஜிபி மெமரி." (கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி.) இந்த ஒரு வரியை வைத்தே டெக்னிக்கல் பிட்டில் எல்லோருக்கும் பாஸ் போட்டுவிடுகிறீர்கள். அப்புறம் விலைக் கவரைப் பிரித்து, எல்1, அதாவது குறைந்த விலை சொன்னவர், யாரோ அவருக்கு ஆர்டர்.

அந்த வரிக்குப் பொருந்தும் இரண்டு ப்ராசஸர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ஏஎம்டியின் எபிக் 9354, 2022 நவம்பரில் வெளியான வரிசை. மற்றது இன்டெலின் ஜியான் கோல்டு 6530, 2023 டிசம்பரில் வந்தது. இவற்றுக்கு அடுத்த தலைமுறைகளும் சந்தைக்கு வந்துவிட்டன; ஆனால் நான் சொல்லப்போகும் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும். இரண்டிலும் 32 கோர். மின்சாரமும் ஏறக்குறைய ஒன்றுதான்: எபிக் 280 வாட், ஜியான் 270 வாட். அறிமுக விலைப்பட்டியலில் எபிக் 3,420 டாலர், ஜியான் 2,128 டாலர். ஒரு சர்வருக்கு இரண்டு என்றால் வித்தியாசம் 2,584 டாலர், நம் காசில் இரண்டு லட்சத்துக்கு மேல். (உங்களுக்கு வரும் கொட்டேஷன் இந்தப் பட்டியலை ஒட்டியே இருக்காது என்பதும் உண்மை. டீல் ரெஜிஸ்ட்ரேஷனை, அதாவது 'இந்த ஆர்டருக்கு நான் முயல்கிறேன்' என்ற பதிவை, முதலில் போட்டவருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் தள்ளுபடி, பட்டியலையே தலைகீழாக்கிவிடும்.) கோர் எண்ணிக்கை மட்டுமே நிபந்தனை என்றால் ஜியான் ஜெயிக்கும். எந்த வேலையில் ஜெயித்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

உங்கள் மெக்கானிக்கல், ஏரோ துறைகள் ஓடவிடுவது பெரும்பாலும் ஓபன்ஃபோம் மாதிரியான மென்பொருளில் போடும் பாய்ம இயக்கக் கணிப்புகள் (காற்றும் நீரும் எப்படி ஓடும் என்ற கணக்கு). அந்த வேலையில் கோர்கள் கணக்குப் போடும் நேரத்தைவிட, மெமரியிலிருந்து தரவு வந்து சேரக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். கல்யாண மண்டபத்தில் 32 சமையல்காரர்களை நிறுத்திவிட்டு, காய்கறி வரும் வாசலை ஒற்றைக் கதவாக வைத்தால் என்ன ஆகும்? அதுதான். மெமரி சானல்தான் அந்தக் கதவு. எபிக்கில் ஒரு சாக்கெட்டுக்கு, அதாவது ஒரு ப்ராசஸருக்கு, 12 மெமரி சானல், ஜியானில் 8. இரண்டும் டிடிஆர்5 4800 வேகத்தில் ஓடுபவை. காகிதக் கணக்கில் நொடிக்கு 460.8 ஜிபியும் 307.2 ஜிபியும் வரும். கோர் ஒன்றுக்குப் பிரித்தால் எபிக்குக்கு 14.4, ஜியானுக்கு 9.6. இந்த ரக வேலையில் அந்த இரண்டு லட்சம் வீண் செலவு இல்லை.

ஆனால் உங்கள் டெண்டர் வரி இந்தச் சாதகத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. 512 ஜிபியை 32 ஜிபி மெமரி ஸ்டிக்குகளாகக் கொடுத்தால் 16 ஸ்டிக், சானலுக்கு ஒன்று. இரண்டு ஜியானிலும் சேர்த்து 16 சானல், எல்லாம் நிரம்பிவிடும். இரண்டு எபிக்கில் 24 சானல். எட்டு காலியாகக் கிடக்கும். அப்போது ஏஎம்டிக்குக் கூடுதலாகக் கொடுத்த காசுக்கு, மெமரி விஷயத்தில் வாங்கியது ஒன்றுமே இல்லை. இன்னும் மோசமானதும் நடக்கிறது. எட்டே எட்டு 64 ஜிபி ஸ்டிக்கைச் செருகி, கம்ப்ளையன்ஸ் ஷீட்டில் '512 ஜிபி, யெஸ்' என்று எழுதிக் கொடுப்பார்கள். எந்தப் பிராண்டானாலும் சாக்கெட்டுக்கு நான்கு சானல்தான் வேலை செய்யும். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரியில் 'சர்வர் ஸ்லோ' என்று கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்தால் இதுதான் காட்சி. வாரண்டியில் கேட்க வழியில்லை, ஏனென்றால் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து "எல்லா மெமரி சானலும் சமமாக நிரம்பியிருக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் சேருங்கள். எபிக் வாங்கினால் 24 ஸ்டிக், 768 ஜிபி என்று கேளுங்கள். ப்ராசஸர் மாடலைப் பற்றிய பாதி விவாதத்தைவிட இந்த ஒரு வாக்கியத்துக்குப் பலன் அதிகம்.

இனி வேகம். எபிக்கின் அடிப்படை வேகம் 3.25 கிகாஹெர்ட்ஸ், ஜியானுடையது 2.1. டர்போவில், அதாவது சூழல் இடம் கொடுக்கும்போது கூட்டி ஓடும் வேகத்தில், ஜியான் 4.0 வரை ஏறும், எபிக் 3.8 வரை. எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரி) எபிக்கில் 256 எம்பி, ஜியானில் 160 எம்பி. இந்த எண்களை எக்செல்லில் வரிசையாகப் போட்டு மார்க் கொடுக்கும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். அடிப்படை வேகம் என்று சொல்வதற்கு இரண்டு கம்பெனிகளின் அளவுகோலும் ஒன்றல்ல, அதனால் அந்த மார்க்குக்கு அர்த்தமில்லை. சரி, ஸ்பெக் என்ற அமைப்பின் பொது வேகச் சோதனையான ஸ்பெக் சிபியு 2017 மதிப்பெண் கேட்டால் போதாதா? கேட்கலாம், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். 2024 தொடக்கத்தில், இன்டெல் கம்பைலரின் (நிரலை ப்ராசஸர் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) சில பதிப்புகள் அந்தச் சோதனையிலுள்ள ஒரு நிரலுக்கென்றே குறுகலாகச் சீர்செய்யப்பட்டிருந்ததாக ஸ்பெக் அமைப்பே சொல்லி, ஏற்கனவே வெளியிட்ட 2,600க்கும் மேற்பட்ட முடிவுகளில் எச்சரிக்கைக் குறிப்பு போட்டது.

எபிக்கைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஜியானே சரி என்று நானே சொல்லும் இடங்கள் உண்டு. உங்களிடம் ஏற்கனவே இன்டெல் சர்வர்களில் விர்ச்சுவல் மெஷின் கிளஸ்டர் (ஒரு சர்வருக்குள் பல மென்பொருள் கணினிகளை ஓட்டும் சர்வர் கூட்டம்) ஓடினால், அதில் ஓர் ஏஎம்டியைச் சேர்ப்பது தலைவலி. ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமல் ஒரு பிராண்டிலிருந்து மறு பிராண்டுக்கு மாற்ற முடியாது. செமஸ்டர் ரிசல்ட் வெளியிடும் நாளில் அதன் அருமை தெரியும். ஜிபியு வாங்கக் காசில்லாமல் ப்ராசஸரிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் துறைக்கும் ஜியானிலுள்ள ஏஎம்எக்ஸ் (ஏஐ கணக்குகளை வேகமாக்கும் வசதி) உதவும்; இந்த எபிக்கில் அது கிடையாது.

தேர்வுப் பிரிவின் டேட்டாபேஸ் சர்வர் கதையே வேறு. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்குக் கோர் கணக்கில் லைசென்ஸ் வாங்கியிருந்தால், 32 கோர் என்பது பெருமையில்லை, செலவு. லைசென்ஸ் தொகை ப்ராசஸர் விலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அங்கே குறைந்த கோர், அதிக வேகம் கேளுங்கள்; எபிக் 9174எஃப் மாதிரி 16 கோர், 4.1 கிகாஹெர்ட்ஸ். இன்டெலிலும் அந்த ரகம் உண்டு.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசியையும் சேர்த்துச் சராசரியாக ஒரு கிலோவாட் இழுக்கும் சர்வர் ஆண்டுக்கு 8,760 யூனிட் தின்னும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே ஐந்து ஆண்டுக்கு மூன்றரை லட்சம். உங்கள் சர்வர் ரூம் பெரும்பாலும் இரண்டு ஸ்பிளிட் ஏசி போட்ட பழைய லேப். கத்திரி வெயிலில் ஒரு ஏசி நின்றுபோனால் சர்வரின் ஃபேன்கள் அலறும், அதுவும் பில்லில்தான் ஏறும், டர்போ வேகமும் இறங்கிவிடும். அதனால் ஒரு வேலையை முடிக்க எவ்வளவு யூனிட் என்பதுதான் கணக்கு, வாட் எண் அல்ல.

எல்1 முறையைக் கைவிடச் சொல்லவில்லை. எதற்கு எல்1 என்பதை மாற்றுங்கள். உங்கள் ஆராய்ச்சி மாணவர் தினமும் ஓடவிடும் ஒரு வேலையை, அதன் இன்புட் ஃபைலோடு டெண்டரில் இணையுங்கள். கொடுக்கப்போகும் அதே ப்ராசஸர், அதே மெமரி அமைப்பில் அது முடிய எத்தனை நிமிடம், அப்போது இழுத்த மின்சாரம் எவ்வளவு என்று ஒவ்வொரு வெண்டரும் எழுதிக் கொடுக்கட்டும். விலையோடு ஐந்தாண்டு மின்சாரத்தையும் லைசென்ஸையும் கூட்டி, முடித்துக் கொடுக்கும் வேலையின் அளவால் வகுத்து, அதில் யார் குறைவோ அவருக்கு ஆர்டர் கொடுங்கள். வந்து இறங்கிய மெஷினில் அதே வேலையை ஓட்டிப் பார்த்த பிறகே மீதிப் பணம் என்றும் எழுதிவிடுங்கள்.

டெமோ மெஷின் இல்லை என்று வெண்டர்கள் முனகுவார்கள். தயாரிப்பாளரிடம் கேட்டால் ரிமோட் லாகின் ஏற்பாடு செய்ய முடியும். அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நீங்களோ மார்ச் 31க்குள் நிதியைச் செலவழிக்க வேண்டும் என்று பிப்ரவரி கடைசியில் டெண்டர் விடுகிறீர்கள். இந்த முறை டிசம்பரிலேயே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர் அறைகளுக்கு வந்துபோகும் ஒரு சிஸ்டம் இன்ஜினியர்