தாஷ்கண்டில் ஒரு சஹன்

துபாய்
12.4.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. உம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும், பெருநாளைக்கு அவர்களே நின்று வட்டிலப்பம் அவித்ததையும் படித்து மனசு நிறைந்துவிட்டது. என் சலாத்தைச் சொல். இங்கே நாங்கள் சுகம். படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். மகள் இரண்டாம் வருஷப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். ஊர்ப் பக்கம் மந்திக் கடை வந்துவிட்டது, குழம்பு கேட்டால் கிடையாது என்கிறான், காரமும் இல்லை, அரபி நிஜமாகவே இதைத்தான் தின்கிறானா என்று கேட்டிருந்தாய். ஆமாம், இதைத்தான் தின்கிறான். ஏமன் நாட்டு ஹள்ரமௌத் பக்கத்துச் சாப்பாடு அது. தரையில் ஆழமாகக் குழி வெட்டி, உள்ளே களிமண் பூசி, அடியில் விறகை எரித்துத் தணலாக்குவார்கள். தணலுக்கு மேலே அரிசிப் பானை, அதற்கும் மேலே கம்பியில் ஆட்டுக்கறி. வாயை மூடிவிட்டால் உள்ளே புகையும் ஆவியும்தான் வேலை செய்யும். கறியிலிருந்து சொட்டுகிற கொழுப்பும் சாறும் நேராகச் சோற்றில் இறங்குவதால் குழம்புக்கு வேலையே இல்லை. தொட்டுக்கொள்ளத் தக்காளியையும் பச்சை மிளகாயையும் அரைத்து ஒன்று தருவார்கள், காரம் வேண்டுமென்றால் அதில்தான். எல்லாக் கடையிலும் குழி இருக்காது. அடுப்பில் வேகவைத்துவிட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் தணலை வைத்து எண்ணெய் ஊற்றிப் புகை ஏற்றுகிறவர்களும் உண்டு. அது தப்பில்லை. ஆனால் கறியை எடுக்கும்போது எலும்பு தனியாகக் கழன்று வரவேண்டும். அதற்குப் பல்லால் இழுக்க வேண்டியிருந்தால் அந்தக் கடைக்கு மறுபடியும் போகாதே.

இப்போது என் கதை. மார்ச் மாதம் கம்பெனி வேலையாக உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்குப் பத்து நாள் போய்வந்தேன். நோன்பு மாதத்தின் நடுவில். அதைப் பற்றி உனக்கு எழுதாமல் எனக்கு நிம்மதியாக இருக்காது.

உஸ்பெக் சாப்பாடு எனக்கு இங்கேயே பழக்கம். துபாய் தேராவில் பனியாஸ் சதுக்கத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை, எட்டு மேசை இருக்கும். மூன்று வருஷம் முன்பு மழைக்கு ஒதுங்கி உள்ளே போனேன். ஒரு தட்டில் பலோவ் வந்தது. பார்வைக்குப் புலாவ் மாதிரிதான், பெயரும் அந்தக் குடும்பம்தான். வாயில் வைத்தால் வேறு. சீரகம், பூண்டு, கேரட், வெங்காயம், ஆட்டுக்கறி, அரிசி, உப்பு. பட்டை, கிராம்பு, ஏலக்காய் எதுவும் இல்லை. இத்தனை குறைவான சாமானில் இத்தனை ருசியா என்று சமையல்காரரிடம் போய்க் கேட்டேன். மறுவாரம் சீக்கிரம் வா, காட்டுகிறேன் என்றார்.

போனேன் மாப்ளே. வார்ப்பிரும்புச் சட்டி, அவர்கள் கஸான் என்கிறார்கள். முதலில் எண்ணெயைப் புகையும்வரை காயவைத்தார். கறியைப் போட்டு நன்றாகச் சிவக்க விட்டார், பிறகு வெங்காயம், அதன்மேல் மலைமாதிரி கேரட். துருவியது இல்லை, கத்தியால் ஒவ்வொன்றாகத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கியது, அதிலும் பாதி மஞ்சள் கேரட். துருவினால் கரைந்துபோகும், அதைச் சாப்பிட முடியாது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றி, சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துத் தூவி, தோல் கழற்றாத முழுப் பூண்டை அப்படியே உள்ளே இறக்கி, மெல்லக் கொதிக்கவிட்டார். இதற்கு ஸிர்வாக் என்று பெயர். இது ஒரு மணி நேரத்துக்குமேல் தன் பாட்டுக்குக் கொதித்தது. கடைசியில்தான் அரிசி. அரிசியை மேலே பரப்பிய பிறகு கிளறவே மாட்டார்கள். தண்ணீர் வற்றியதும் சோற்றைக் கூம்பாகக் குவித்து, கரண்டிக் காம்பால் அங்கங்கே துளை போட்டு, மூடிவிட்டார். உன் வீட்டில் கல்யாணத்துக்கு நெய்ச்சோறு தம் போடுகிற நேரத்தில் சமையல் பண்டாரி யாரையும் கிட்டே விடமாட்டாரே, அதே முகம் இவருக்கும் வந்துவிட்டது.

அவர்களுடைய சொற்களைக் கேட்டால் உனக்கும் பிடிக்கும். சீரகம் ஸிரா. வெங்காயம் பியோஸ். ரொட்டி நோன். சம்சாவுக்கு சோம்சா, ஆனால் எண்ணெயில் பொரிப்பதில்லை, தந்தூர் அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். சப்ஸி என்றால் காய்கறி என்று நினைப்பாய், அங்கே அது கேரட் மட்டும்தான்.

சரி, தாஷ்கண்ட். அங்கே நோன்பு மாதத்தில் பகலில் கடைகள் திறந்துதான் இருக்கின்றன. வேண்டியவர் சாப்பிடுகிறார், நோன்பு வைத்தவர் பக்கத்தில் தன் வேலையைப் பார்க்கிறார். துபாயில் ரொம்ப காலம் வேறு மாதிரி இருந்தது, நீ வந்தபோது பார்த்திருப்பாய், ஹோட்டல் கண்ணாடியெல்லாம் திரை போட்டு மறைத்திருக்கும். 2021இல் அந்தத் திரை தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். இருந்தாலும் எனக்கு இன்றும் அந்த மாதத்தில் நடுப்பகலில் வெளியே உட்கார்ந்து சாப்பிட மனசு வருவதில்லை. சட்டத்துக்குப் பயந்து இல்லை. உங்கள் வீட்டில் வளர்ந்த பழக்கம்.

பலோவ் அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு. பெரிய கஸானில் காலையிலேயே ஏற்றிவிட்டு, இரண்டு மணிக்குள் காலி செய்துவிடுவார்கள். கல்யாணம் என்றால் விடிகாலையிலேயே ஊருக்குப் பலோவ் போடுகிற வழக்கமும் உண்டு. தாஷ்கண்டில் எல்லாவற்றையும் கலந்து பரிமாறுகிறார்கள். சமர்கண்டில் கலக்காமல் சோறு, கேரட், கறி என்று அடுக்காக வைப்பார்களாம். எங்களது சரியா உங்களது சரியா என்று அலுவலகத்தில் இரண்டு ஊர்க்காரர்கள் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள், ஆம்பூர் பிரியாணியா திண்டுக்கல் பிரியாணியா என்கிற சூட்டோடு. இந்தப் பலோவை 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2023இல் இங்கத்து ஹரீஸையும் சேர்த்தார்கள். கோதுமையும் கறியும் மட்டும் போட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து, கட்டையால் அடித்துக் கூழாக்குவது ஹரீஸ். நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைக்கவேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.

மார்ச் 20ஆம் தேதி, நவ்ரூஸுக்கு முதல் நாள். நவ்ரூஸ் அவர்களுடைய வசந்தப் பண்டிகை. இந்த வருஷம் அது நோன்புக்குள் வந்தது. அன்று சாயங்காலம், கூட வேலை செய்கிற ஒருவர் என்னைத் தன் வீட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டார். தெருக்காரர்கள் சேர்ந்து அங்கே நோன்பு திறக்க ஏற்பாடு. போகிற வழியில் சோர்சூ சந்தைக்குள் நுழைந்தோம், பெரிய நீலக் கும்பம் வைத்த சந்தை. ரொட்டிக்காரிகள் வரிசையாக உட்கார்ந்து, வட்ட ரொட்டியின் நடுவில் ஊசி முத்திரை குத்திய பூவை மேலே தெரியும்படி அடுக்கியிருந்தார்கள். ஒன்றை வாங்கி நான் கவிழ்த்துப் பிடித்துவிட்டேன். உடனே ஒரு கிழவி கையை நீட்டித் திருப்பி வைத்தாள். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அங்கே அவமரியாதை. வெளியே ஒருவர் பெரிய பாத்திரத்தில் வெள்ளை வெளேரென்று ஒன்றைக் கரண்டியால் தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். நிஷால்தா. முட்டை வெள்ளைக் கருவையும் சர்க்கரைப் பாகையும் அடித்து நுரைத்துச் செய்வது. நோன்பு மாதத்தில்தான் தெருவுக்கு வரும், ரொட்டியைக் கிள்ளித் தொட்டுத் தின்பார்கள்.

கடையில் தாழ்வான மேடை, அதன்மேல் மெத்தை, நடுவில் துணி விரித்திருந்தார்கள். பேரீச்சை, தண்ணீர், ரொட்டி, உலர்ந்த திராட்சை, பாதாம், நிஷால்தா எல்லாம் முன்னாடியே வைத்தாகிவிட்டது. நான் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நோன்பு என்று சொல்லமாட்டேன், நோன்பு வைக்கிறேன் என்று மனசில் நீயத்து வைக்கவில்லை. கூட இருந்தவர்கள் சாப்பிடாதபோது எனக்கு இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் என் கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார். பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிஷம். பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது.

மாப்ளே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்பு. ஆறுமுகநேரியிலிருந்து சைக்கிள் மிதித்து உன் வீட்டுக்கு வந்தால், கஞ்சியும் வடையும் எடுத்து வைத்திருப்பார்கள். உம்மா என் கையில் ஒரு வடையைத் தந்து, உனக்கு நோன்பா என்ன, நீ தின்னு வாப்பா என்பார்கள். பாங்கு சொல்லும்வரை நான் அதைக் கையிலேயே வைத்திருப்பேன், எண்ணெய் முழங்கை வரைக்கும் வழியும். உன் காக்கா, அதான் உன் அண்ணன், பார்த்துவிட்டுச் சிரிப்பார். அன்று தாஷ்கண்டில் அந்த வடைச் சூடுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பாங்கு ஒலித்தது. சத்தமில்லாமல் எல்லோரும் பழத்தை வாயில் போட்டார்கள். பிறகு ஷுர்பா வந்தது, ஆட்டெலும்பும் உருளைக்கிழங்கும் போட்ட தெளிந்த சூப். அப்புறம், மத்தியானச் சாப்பாடு என்று சொன்னேனே, அந்தப் பலோவே விருந்தினர்களுக்காக ராத்திரியில் வந்தது. பெரிய நீலப் பீங்கான் தட்டில், மேலே ஒரு முழுப் பூண்டும் இரண்டு துண்டு குதிரைக்கறியும். அந்தத் தட்டுக்கு லகன் என்று பெயர். எங்கள் நான்கு பேருக்கும் ஒன்றுதான். தனித்தட்டே இல்லை. சிலர் கரண்டி எடுத்தார்கள், பெரியவர் விரலால் அள்ளினார். நானும் விரல்தான். அவரவர் தன் பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுக்க, நல்ல கறித்துண்டு வந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட, ஓலிங் ஓலிங் என்று பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எடுத்துக்கொள் என்று அர்த்தமாம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் உன் வாப்பா எனக்குக் களரிக்கறியைத் தள்ளிவிடுவாரே, அப்படியே. சஹன் என்பது அரபிச் சொல். இங்கே ஏமன்காரர் கடையில் மந்தி வைத்துத் தரும் தட்டுக்கும் அதே பெயர்தான். ஊர் ஊராகப் பெயர் மாறினாலும், நம் கடலோரத்திலும் இந்தப் பாலைவனத்திலும் தாஷ்கண்டிலும் தட்டைச் சுற்றி உட்காருகிற விதம் மாறவில்லை.

டீயும் சொல்லவேண்டும். பச்சைத் தேயிலை, பால், சர்க்கரை கிடையாது. கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் அரைவாசிதான் ஊற்றுவார்கள். முதலில் எனக்கு இது என்ன கஞ்சத்தனம் என்று பட்டது. மரியாதையே அதில்தான் இருக்கிறதாம். குறைவாக ஊற்றினால் நீ மறுபடி கேட்பாய், அவர் மறுபடி ஊற்றுவார், நீ இன்னும் கொஞ்ச நேரம் இருப்பாய். முடிந்ததும் எல்லோரும் இரண்டு கையையும் ஏந்தி, முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தார்கள்.

துபாய்க்குத் திரும்பிய அடுத்த வாரம் கம்பெனி விருந்து, ஒரு பெரிய ஹோட்டலில் நோன்பு திறக்கிற இஃப்தார். ஹரீஸ், தரீத், மச்பூஸ், லுகைமாத், கத்தாயிஃப், குனாஃபா, எல்லாம் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் பாங்குக்கு முன்னாடியே ஆளுக்கு மூன்று தட்டு நிரப்பி மேசையில் அடுக்கிவிட்டார்கள். ஒன்பது மணிக்குப் பார்த்தால் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. ஒரு பையன் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கொட்டிக்கொண்டிருந்தான். அவனும் நோன்பாளிதான். எனக்கு வயிறு எரிந்தது. நாள் முழுக்கப் பசித்திருந்தவன் சோற்றின் அருமையை மற்றவனைவிட அதிகம் தெரிந்தவன் இல்லையா? இனி அந்த மாதிரி விருந்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

உன் மகன் இங்கே வேலைக்கு வரப்போகிறான் என்று எழுதியிருந்தாய். அவனிடம் சொல், நோன்பு மாதத்தில் ஹோட்டல் விளம்பரத்தைப் பார்த்துப் போகவேண்டாம். தேராவில் நம்மவர்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள், முதலில் அதை வாங்கிக் குடிக்கட்டும். பிறகு ஏமன்காரர் கடையிலோ என் உஸ்பெக் கடையிலோ தரையில் உட்காரட்டும். தனியாகப் போனால் மந்தியை அரைத்தட்டு கேட்கலாம், தருவார்கள். ஆனால் தனியாகப் போகவேண்டாம், என்னைக் கூப்பிடட்டும்.

தாஷ்கண்டிலிருந்து ஒரு லகன் வாங்கி வந்திருக்கிறேன், ரிஷ்தான் ஊர் வேலைப்பாடு, நீலமும் பச்சையும். உடையாமல் இருக்க இரண்டு கம்பளிச் சட்டைக்குள் சுற்றி அலமாரி மேலே வைத்திருக்கிறேன். ஆடி மாதம் லீவில் வரும்போது கொண்டுவருகிறேன். நெய்ச்சோறும் களரிக்கறியும் அதில் போடச் சொல். உன் காக்காவையும் வரச் சொல், நாம் மூன்று பேரும் உட்கார அது போதும்.

உன்,
ஆறுமுகநேரிக்காரன்