நெஞ்சும் முதுகும் வலித்த வாரத்தில் கூட இருந்தவர்களுக்கு

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆம்புலன்ஸில் வந்த இருவருடைய முகமே சரியாக நினைவில்லை, அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: மாரடைப்பு இல்லை. பாதித் தகவலோடு நின்றுவிட்ட சிலர் இன்னும் "ஸ்டென்ட் வைத்தார்களா, எத்தனை அடைப்பு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டென்டும் இல்லை, அடைப்பும் இல்லை. வந்தது அக்கி. ஆனால் அக்கி என்று யாருக்கும் தெரியாமல், வலி மட்டும் இருந்த அந்த நாட்களில்தான் நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். எனக்கு ஆச்சரியமே, அவசரப்பட்டு அந்த வலிக்கு ஒரு பெயர் வைக்காமல் கூட நின்றீர்களே, அதுதான்.

விடியற்காலையில் இடது மார்பில் எரிச்சலும் இறுக்கமும் கலந்த ஒரு வலி என்னை எழுப்பியது. அதே வலி முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் இருந்தது. முந்தின நாள் கனமாக எதையும் தூக்கவில்லை, எங்கும் விழவில்லை, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. புரண்டு படுத்தாலும் போகவில்லை, எழுந்து உட்கார்ந்தாலும் போகவில்லை.

எதிர்வீட்டு அக்கா, அந்த நேரத்தில் போன் அடித்தால் யாருமே பதறித்தான் எடுப்பார்கள். நீங்கள் எடுத்ததும் கேட்டது, "மூச்சு வாங்குதா? வியர்க்குதா? வலி கைக்கோ தாடைக்கோ போகுதா?" அவ்வளவுதான். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை, சுடுதண்ணீர் குடித்துப் பார் என்று சொல்லவில்லை. உங்கள் காரிலேயே போய்விடலாமா என்று நான் கேட்டதற்கு, "ஓட்டறது நான், வழியில உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்க்கிறது?" என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தீர்கள். பழைய மருத்துவச் சீட்டுகளை ஒரு பையில் போட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே ஏறினீர்கள். இது எதையுமே என்னால் அந்த நேரத்தில் யோசித்திருக்க முடியாது.

ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கு: நீங்கள் செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தீர்கள், அது எவ்வளவு பெரிய தைரியம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. ரத்த அழுத்தத்தை ஒரு கையில் பார்த்துவிட்டு மறு கையிலும் பார்த்தபோது நான் பயந்துவிட்டேன். நெஞ்சுவலி முதுகுக்கும் போனால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கிறதா என்றும் யோசிக்க வேண்டும், அப்படி இருந்தால் இரண்டு கைகளிலும் அளவு வித்தியாசப்படலாம், உங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னீர்கள். இதை ஒரு நோயாளியிடம் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால், சொல்ல வேண்டும். தெரியாமல் படுத்திருப்பதுதான் கொடுமை.

அவசரப் பிரிவில் போய்ச் சேர்ந்து பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாகிவிட்டது. எடுத்த செவிலியர், என் மேல் துணியைப் போர்த்திவிட்டுத்தான் ஒவ்வொரு ஒயரையும் ஒட்டினார், கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொட்டார். வரிசையாக ஆட்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் அதற்கு நேரம் ஒதுக்கியவருக்கு என் வணக்கம்.

அப்புறம் அந்தப் பணி மருத்துவர். டாக்டர், இந்த மடலில் பெரும்பகுதி உங்களுக்குத்தான். ஈசிஜி நார்மல் என்று வந்ததும் எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது, கிளம்பலாமா என்று அக்கா பையை எடுத்தேவிட்டார். நீங்கள் விடவில்லை. முதல் ஈசிஜி சரியாக இருந்தால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது, இதயத் தசை பாதிக்கப்பட்டால் வெளியேறும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், அதனால் இப்போது ஒரு முறை, மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை என்று உட்கார வைத்தீர்கள். நுரையீரலுக்கு எக்ஸ்ரே. ரத்தக்கட்டி இருக்குமோ என்று டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. கால் வீங்கியதா, நீண்ட பயணம் போனீர்களா, படுத்தால் வலி கூடி முன்னால் குனிந்தால் குறைகிறதா, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. விலா எலும்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தீர்கள், அதில் வலிக்கவில்லை. பிறகு ஒரு பஞ்சை எடுத்து முதுகில் லேசாக ஓட்டியதும் நான் துள்ளிவிட்டேன். அழுத்தினால் தாங்குகிறது, பஞ்சு பட்டால் தீப்பொறி பட்டது மாதிரி இருக்கிறது, என்ன வலி இது!

இரண்டாவது ட்ரோபோனினும் சரியாக வந்த பிறகு நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதைப் படிக்கும் வேறு மருத்துவர்களுக்கும் பயன்படட்டும். "இதயமோ நுரையீரலோ காரணமாகத் தெரியவில்லை. என்ன காரணம் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வலி முதுகெலும்பில் தொடங்கி இடது பக்கமாக மட்டும் ஒரு பட்டையாக வருகிறது, நடுக்கோட்டைத் தாண்டவில்லை. அக்கியாக இருக்கலாம். தோலில் இன்று ஒன்றும் இல்லை, ஓரிரு நாளில் வரலாம், வராமலும் போகலாம். தினமும் யாரையாவது முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றே வாருங்கள், 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் நல்லது." மூச்சுத்திணறல், மயக்கம், வலி கூடுவது, காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் திரும்பி வர வேண்டும் என்று தாளில் எழுதியும் கொடுத்தீர்கள். தெரியாது என்று சொன்ன கையோடு, அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினீர்கள். வாயு, மனஅழுத்தம், தூக்கக்குறைவு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தால் நானும் நம்பிப் போயிருப்பேன்.

அந்த மூன்று மணி நேரம் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கும் ஒரு வரி. உங்கள் மகன் உங்களுக்குக் கொண்டுவந்த சார்ஜரை, வலியோடு வலியாக, "அந்தப் பிள்ளைக்குக் கொடு, வீட்டுக்குப் பேசட்டும்" என்று எனக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். உங்கள் ரிப்போர்ட் என்னுடையதைப் போல வரவில்லை, ஆஞ்சியோவுக்கு அழைத்துப் போனார்கள். நலமாக இருக்கிறீர்களா அம்மா? சார்ஜரைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு போன் செய்து "வாயுதான், ஒன்றும் இல்லை" என்று சொன்ன உறவினர்களுக்கும் நன்றி, அக்கறையில் சொன்னதுதான். ஆனால் ஒரு வேண்டுகோள், அடுத்த முறை யாராவது நெஞ்சுவலி என்றால் தயவுசெய்து அந்த வார்த்தையைச் சோதனை எல்லாம் முடிந்த பிறகு சொல்லுங்கள். ராத்திரி பூராவும் வீடியோ காலை அணைக்காமல் வைத்துக்கொண்டு, பேசாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சிக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன், இங்கே வேண்டாம், அழுதுவிடுவாள். என் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, எப்போது வருவாய் என்று ஒரு முறைகூடக் கேட்காத அலுவலகத் தோழிக்கு ஒரு பெரிய கும்பிடு.

முதுகை நாமே பார்த்துக்கொள்ள முடியாது, தனியாக இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். அக்கா தினமும் மாலையில் வந்து போன் வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று போய், அப்புறம் ஒரு மாலை, "இங்க திட்டுத் திட்டா சிவந்திருக்குமா, நடுவுல பொடிப் பொடியா நீர் கோத்திருக்கு" என்றார். நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது! அன்றைக்கே மருத்துவமனை, பார்த்த நிமிடமே அக்கி என்று உறுதி, ஏழு நாளைக்கு வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை, 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அந்த ஐந்து வேளைக் கணக்கில் நான் விழிப்பதைப் பார்த்து, மருந்துக்கடைத் தம்பி நேரங்களை எழுதி அட்டையின் பின்னால் ஒட்டிக்கொடுத்தார், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகத்துக்கு நல்லது என்று இரண்டு முறை சொன்னார். நன்றி தம்பி.

சின்ன வயதில் சின்னம்மை வந்து போனவர்களுக்கு அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதே இல்லையாம். முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் பல வருஷம் தூங்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் எழுந்து நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. என்னுடையது விலா எலும்பை ஒட்டி முதுகிலிருந்து மார்புக்கு வரும் நரம்பு. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வலித்தது அதனால்தான்.

கொப்புளத்தின் நீர் பட்டால் இதுவரை சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை தொற்றலாம் என்பதால், கர்ப்பமாக இருக்கும் தன் மகளை அக்கா என் பக்கம் விடவே இல்லை. அதற்காக நான் வருத்தப்படுவேனோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னீர்களே அக்கா, எனக்கு அதில்தான் நிம்மதி. "எனக்கு எப்பவோ அம்மை போட்டாச்சு" என்று நீங்கள் மட்டும் வந்துபோனீர்கள்.

இப்போது எல்லாம் பொருக்கு தட்டிவிட்டது. துணி உரசினால் இன்னும் சுரீர் என்கிறது, குறைந்துகொண்டு வருகிறது, மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால் அதற்குத் தனி மருந்து உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா, 50 வயது தாண்டியவர்களுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு நாம் சேர்ந்தே போகலாம், இந்த முறை நான் கூட வருகிறேன். வீட்டுச் சாவியைத் திருப்பித் தர வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும்.