ஆளில்லாத பிளாட்பாரம்

என் சாமிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ போனில் அவ்வளவு சொல்லி முடித்ததும், "சரி சாமி, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். அது பதிலில்லை என்று எனக்கும் தெரியும். வாயில் வராததை எழுதியாவது அனுப்புவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பெண்ணும் இல்லை, ஆணும் இல்லை என்று சொன்னது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. நான்பைனரி என்ற சொல்லைப் பேப்பரில் பார்த்திருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, உங்களைப் போன்றவர்களை மரியாதையாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை நம் அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் போட்டதையும் படித்தேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கு அடுத்து நீ சொன்னதுதான். "ராத்திரி ஆள் யாருமே இல்லாத காரிடார்ல டியூப் லைட் மட்டும் எரியுமேப்பா, என் பாலினம் அது மாதிரி" என்றாய். தன்னை வெற்றிடம் என்று ஒரு பிள்ளை சொன்னால் பெற்றவனுக்கு முதலில் வருவது பயம்தான். என் பிள்ளை உள்ளுக்குள் வெறிச்சோடிக் கிடக்கிறதோ என்று விடிய விடிய விழித்திருந்தேன்.

அப்புறம் நீ அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் சுவர், அழுக்குக் கம்பளம், மேலே வரிசையாக விளக்கு, ஒரு ஜன்னல்கூட இல்லை. 2019 மே மாதம் 'பேக்ரூம்ஸ்' என்ற பெயரில் இணையமெங்கும் பரவி, எங்கே எடுத்தது என்று ஐந்து வருஷம் ஒருத்தருக்கும் பிடிபடாமல் இருந்த படம். கடைசியில் 2024-ல் பார்த்தால், அமெரிக்காவில் ஒஷ்கோஷ் என்ற ஊரில் ஒரு கடையைப் புதுப்பிக்கும்போது எடுத்ததாம். நீ இருக்கிற மில்வாக்கியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், ஒரு நாள் போய்விட்டு வருவேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தில் பேய் இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்கெல்லாம் வயிற்றைப் பிசைந்திருக்கிறது. மனுஷர்களுக்காகக் கட்டிய இடத்தில் மனுஷர்கள் இல்லை, அதுதான் காரணம். காட்டில் ஆளில்லை என்றால் யாரும் பயப்பட மாட்டோம். பள்ளிக்கூடத்தில் ஆளில்லை என்றால் என்னமோ போல் இருக்கும்.

நீ அனுப்பிய மற்றதையும் படித்தேன். ஆண், பெண் என்ற அளவுகோலைத் தள்ளி வைத்துவிட்டு, செடி, மிருகம், பொருள், இடம் என்று உவமை வைத்துப் பாலினத்தைச் சொல்கிற சொற்களுக்கெல்லாம் ஜீனோஜெண்டர் என்று ஒரு குடைச்சொல், 2014-ல் டம்ப்ளர் என்ற இணையதளத்தில் பிறந்தது என்று இருந்தது. ஆளில்லாத இடத்தை வைத்து நீ சொல்கிற 'லிமினல்' பாலினம் அதற்குள் ஒரு சின்னக் குடை, சரியா? மூடிய மால், தண்ணி வடித்த நீச்சல் குளம், லீவு நாளில் பள்ளிக்கூட நடை என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்தைச் சொல்லி அதன் கீழ் நிற்கிறீர்கள். உவமை என்று பிடிபட்டதும் எனக்கு மூச்சு வந்தது. உள்ளே இருப்பதைச் சொல்ல நாம் எல்லோரும் உவமையைத்தானே தேடுகிறோம்.

லிமினல் என்பதற்கு வேர், லத்தீனில் வாசற்படியாம். 1909-ல் வான் ஜெனெப் என்பவர் சடங்குகளைப் பற்றி எழுதும்போது, பழைய நிலையை விட்டாகிவிட்டது, புதியது இன்னும் வரவில்லை என்ற நடுக்கட்டத்துக்கு இந்தச் சொல்லை வைத்திருக்கிறார். இதைப் படித்ததும் உன் அம்மா ஞாபகம்தான் வந்தது. நீ சின்னதில் எந்நேரமும் நிலைப்படியில்தான் உட்காருவாய். "வாசப்படியில உக்காராத, ஒண்ணு உள்ள வா, இல்லாட்டி வெளிய போ" என்று அவள் எத்தனை தரம் சத்தம் போட்டிருப்பாள். அவளே வெள்ளிக்கிழமையானால் அதே படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக் கும்பிடுவாள்.

அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நான் வேலை பார்த்த நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷன்தான் தெரிந்தது சாமி. மதுரை–போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியோடு நிறுத்தினார்கள். என்னை விருதுநகர் மாற்றினார்கள், நீ படிக்கிறாய் என்று உங்களை அங்கேயே விட்டுப் போனேன். உனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. சாயங்காலமானால் நீ அந்தப் பூட்டின ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்கிறாய், காத்து கருப்பு அடித்துவிடும் என்று அம்மா போனில் அழுதாள். லீவு போட்டு வந்தேன்.

அன்றைக்கு நான் கண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. டிக்கெட் ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. மணி அடிக்கிற தண்டவாளத் துண்டை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கொக்கி மட்டும் தொங்குகிறது. கக்கூஸ் சுவரில் 'ஆண்கள்' என்பதும் 'பெண்கள்' என்பதும் வெயிலில் வெளுத்து, முதல் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. வேப்ப மரத்தடி கல் பெஞ்சில் நீ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், "பொட்டப்புள்ளைக்கு இருட்டுல தனியா இங்க என்ன வேலை" என்று கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் மணிக்கட்டில் என் விரல் பதிந்திருந்தது. நீ அழவில்லை. "அங்க யாருமே என்னை எதுவுமே கூப்பிடலப்பா" என்று மட்டும் சொன்னாய். எனக்கு அன்று விளங்கவில்லை. பதினைந்து வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன் சாமி.

விளங்கியிருக்க வேண்டியவன் நான்தான். முப்பத்தொரு வருஷம் ஸ்டேஷனில் இருந்தவன். கடைசி வண்டி போனதற்கும் முதல் வண்டி வருவதற்கும் நடுவில் பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏறுகிறவன், இறங்குகிறவன் என்று யாரும் இல்லாத அந்த நேரத்தில்தான் நானே நானாக இருந்திருக்கிறேன். அதைப் பயம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு எங்கேயும் தடுக்கவில்லை. நீ வந்தாய், நீ சொன்னாய் என்றால் தமிழ் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. உன்னைப் பற்றி அடுத்தவரிடம் பேசும்போதுதான் வந்தானா, வந்தாளா என்று வாசலில் நிறுத்திக் கேட்கிறது. 'அவங்க' என்று சொல்லச் சொன்னாய். பழகிக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் உன்னிடம் எதுவும் பேசவில்லை, அது உனக்குக் கஷ்டம்தான். ஆனால் நேற்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, "எங்க பிள்ள நல்லாருக்கு, அங்க பனி கொட்டுதாம்" என்றாள். 'மக' என்று வாய்வரை வந்ததை விழுங்கியது எனக்குக் கேட்டது.

அரசாங்கம் ஆண், பெண் இரண்டை மட்டும்தான் ஏற்கும் என்று அங்கே 2025 ஜனவரியில் போட்ட ஆணையை அப்போது மேலோட்டமாகப் படித்துத் தாண்டிப் போனேன். இப்போது எடுத்துப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. காகிதம், வேலை எதிலும் சிக்கல் வந்தால் அப்பாவிடம் மறைக்காதே. தன் பாலினம் என்ன என்று சொல்கிற உரிமை அவரவருக்குத்தான் என்று இங்கே உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. ஊரில் யார் என்ன பேசினாலும் முன்னால் நிற்பது என் வேலை.

நம்ம லைனில் அகலப் பாதை போட்டு, 2022-ல் தேனி வரைக்கும் 2023 ஜூனில் போடி வரைக்கும் வண்டி விட்டார்கள், தெரியுமல்லவா. வெள்ளிக்கிழமை முதல் பஸ் பிடித்து நம்ம ஸ்டேஷனுக்குப் போனேன். கல் பெஞ்ச் இல்லை, இரும்பு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வேப்ப மரம் இருக்கிறது. இன்னும் விடியவில்லை, டியூப் லைட் எரிகிறது, ஒரு ஆள் இல்லை. உனக்காக ஒரு படம் எடுத்தேன், கை கொஞ்சம் ஆடிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா