தம்பிக்கு, சுவர் விஷயமாக

பாளையங்கோட்டை
வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பெரியப்பா வீட்டு மாடிப்படி விவகாரம் அப்படியேதான் கிடக்கிறது. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, அக்கா மகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நிதானமாகப் படி.

நீ அனுப்பிய சுவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபப்படாதே, பெயிண்டர் மகன் அடித்தது என்று யாரிடமும் சொல்லிவிடாதே. ஆணி பிடுங்கிய இடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. பட்டி வைத்தாய், சரி. அதன்மேல் பிரைமர், அதுதான் பெயிண்டுக்கு முந்தின அடிப்பூச்சு, அடித்தாயா? அடித்திருக்க மாட்டாய். பட்டி பெயிண்டைக் குடிக்கும், சுற்றியிருக்கிற பழைய பெயிண்ட் குடிக்காது. ஒரே டப்பா, ஒரே கலர் என்றாலும் பட்டி வைத்த இடம் மட்டும் மங்கலாக நிற்கும். அதை மறைக்க மூன்றாவது கோட்டு, நான்காவது கோட்டு என்று ஏற்றிக்கொண்டே போகாதே. 220 நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய். தேய்த்தபின் உள்ளங்கையால் தடவிப் பார், கண்ணுக்குத் தெரியாத மேடும் கைக்குத் தெரியும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காயவிட்டு, பட்டி வைத்த இடங்களுக்கெல்லாம் பிரைமர் கொடு. அப்புறம் அந்தச் சுவர் முழுவதையும் மூலைக்கு மூலை அடி. நடுவில் தொட்டுத் தொட்டு அடித்தால் ஜென்மத்துக்கும் சுற்றியிருக்கிற கலரோடு சேராது.

ரோலர் கோடுகளைப் பற்றி அம்மாவே கேட்டுவிட்டாள், "ஏன் பட்டை பட்டையாக இருக்கிறது" என்று. ஃபேனைப் போட்டுக்கொண்டு அடித்திருப்பாய். முதல் பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை அதன்மேல் ஏற வேண்டும். சென்னை வெயிலில், ஃபேன் காற்றில், நீ ரோலரைத் தட்டில் நனைத்துவிட்டு வருவதற்குள் ஓரம் காய்ந்துவிடும், கோடு விழும். ஃபேனை நிறுத்து, வேர்த்தால் வேர்க்கட்டும். மேல் ஓரத்தைக் கொஞ்ச தூரம் பிரஷால் இழுத்தவுடன் அந்த இடத்தை ரோலரால் முடித்துவிடு. ஓரம் எல்லாவற்றையும் காலையில் இழுத்துவிட்டுச் சாப்பிட்ட பிறகு ரோலரை எடுக்காதே. கடைசி இழுப்பு மேலிருந்து கீழே, ஒரே பக்கமாக இருக்கட்டும். தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாமல் டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மட்டும் கல. இரண்டு டப்பா இருந்தால் இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிவிடு, ஒரே நம்பர் என்றாலும் டப்பாவுக்கு டப்பா ஒரு சாயல் மாறும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பட்டி, மத்தியானம் தேய்ப்பு, சாயங்காலம் பெயிண்ட் என்று சொன்னாய். செவ்வாய்க்கிழமை என்ன விசேஷம் என்று காலண்டரைப் பார்த்தேன், ஒன்றும் போடவில்லை. போன வாரம் புதன்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் வந்தபோதும் பனியனோடு இருந்தாய். சரி, லீவு மிச்சம் இருந்திருக்கும். நான் சொல்ல வந்தது, பட்டியை ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க உனக்கு என்ன அவசரம்?

நீ சின்னப் பையனாக லீவு நாளில் சாரத்துக்குக் கீழே வந்து நிற்பாய், விரட்டிவிடுவேன். படிக்கிற பையன் கையில் டிஸ்டெம்பர் ஒட்டக் கூடாது என்று. அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. தெருவில் முதல் இன்ஜினீயர் நீதான். முதல் மாதச் சம்பளத்தில் நீ வாங்கித் தந்த வாட்சைத்தான் இப்போதும் கட்டியிருக்கிறேன். ஆனால் பிரைமர் அடிக்க வேண்டுமா என்று அப்பாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எதையும் கேட்பதில்லை, எதையும் சொல்வதும் இல்லை. அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா என்னைப் பார்க்கிறாள்.

பக்கத்துவீட்டு வக்கீலிடம் படத்தைக் காட்டினேன். வாடகை வீட்டுக்குத் தன் கைக்காசில் பெயிண்ட் அடிக்கிறவன் காலி பண்ணப் போகிறவன்தான், அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்டுக்கென்று பிடித்துவிடுவார்களே என்றார். அதெல்லாம் இல்லை, என் மகனுக்கு வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். படத்தின் மூலையில் டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி இரண்டு தெரிகிறது. சாமி படமும் இடத்தில் இல்லை. பெயிண்டுக்காகக் கழற்றியிருப்பாய்.

இருந்தாலும் வக்கீல் சொன்னதை எழுதிவைக்கிறேன், எப்போதாவது உதவும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் போட்டது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் உன் தலையில் விழும். காலி பண்ணினால் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். உன் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்.

பாத்ரூமை ஒட்டிய சுவர் வேறு கதை. கீழ்ப்பக்கம் பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பியிருக்கிறது, வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. அது ஓதம். அதன்மேல் நீ எந்தக் கம்பெனிப் பெயிண்டை அடித்தாலும் உரிந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில் கசிவு இருக்கும், குழாய் கசிந்தாலும் இப்படி வரும். அதை அடைத்து, சுவர் காய்ந்து, பொருக்கைச் சுரண்டி, பட்டி, பிரைமர், அதற்கப்புறம்தான் பெயிண்ட். பிரைமரை மறக்காதே. இந்த வேலையை வீட்டுக்காரர் தலையில் போடு. நீ மூடி மறைத்தாலும் ஒரு மழைக்கு எல்லாம் வெளியே வரும்.

கதவு நிலையைச் சுரண்டிவிடாதே. கட்டடம் பழையது, பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல், ஈயம் சேர்க்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பாப்பா கையை வாயில் வைக்கிற வயசு. அவளையும் மருமகளையும் அந்த ரூமில் விடாதே. எதைத் தேய்த்தாலும் மூக்கில் மாஸ்க் போட்டுக்கொள்.

நம் மாடி ரூமுக்கு வெளிர் மஞ்சள் அடித்தாகிவிட்டது. என் தோள்பட்டை விடவில்லை, கூலிக்கு ஆள் வைத்துத்தான் அடித்தேன், மேல் ஓரம் இழுத்தது எனக்குத் திருப்தியில்லை. ஃபேன் மாட்டியாயிற்று. இன்டர்நெட் கனெக்‌ஷனும் போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது நிறையப் பேர் ஊரில் இருந்தபடியே வேலை பார்க்கிறார்களாமே, வேறு வேலை தேடுகிறவர்களும் அப்படித்தானாம், அக்கா மகள் சொன்னாள். ரூம் சும்மாதான் கிடக்கிறது. மருமகளிடமும் சொல்.

நாளை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், சனிக்கிழமை காலை எழும்பூர். அம்மா முறுக்கு கட்டித் தருகிறாள். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ரோலர், பிரஷ், பட்டித் தகடு எல்லாம் என்னிடம் இருக்கிறது, கடையில் காசைப் போடாதே. பிரைமர் மட்டும் ஒரு லிட்டர் வாங்கி வை. நான் வரும்வரை அந்தப் பாத்ரூம் சுவரைத் தொடாதே.

இப்படிக்கு,
அப்பா