ஆகஸ்ட்டுக்குத் தள்ளி வை

அன்புள்ள கனி,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். காலையில் ஒரு பீச், சாயங்காலம் ஒரு பீச் என்று வருகிற நாள் முழுக்க மணலாகவே போட்டிருக்கிறாய். மாப்பிள்ளை யூடியூப் பார்த்து எழுதியது என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. போகட்டும். ஜூலையில் மால்டாவுக்கு வருகிறேன் என்கிறாயே, அதை மட்டும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி வை. விசாவுக்கு இன்னும் கொடுக்கவில்லைதானே?

கடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மேற்கொண்டு படிக்க மாட்டாய். மால்டா நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். கரையில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. ஸ்லீமாவில் ஜனங்கள் பாறை மேலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, இரும்பு ஏணியைப் பிடித்துக் கடலில் இறங்குவார்கள். மணல் வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். சின்னவனுக்கு மெல்லீஹா பீச்தான் சரி, வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் அவன் இடுப்பைத் தாண்டாது. ஐன் துஃபீஹா அழகுதான், ஆனால் கீழே போக 200 படி இறங்கணும், அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டு நீதான் ஏறணும். கொமினோ தீவின் ப்ளூ லகூனைப் பட்டியலில் முதலில் போட்டிருக்கிறாய். அங்கே கூட்டம் தாங்காமல் 2025-லிருந்து முன்பதிவு வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதை விட்டுவிட்டு கோசோ தீவுக்குப் போகலாம், படகில் 25 நிமிஷம். அங்கே ரம்லாவில் மணல் செங்காவி நிறம், கரை நடுவிலேயே மாதா சிலை நிற்கும். ஜெல்லி மீன் வந்தால் அன்றைக்குக் குளியல் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். பட்டால் சவுக்கடி மாதிரி தடித்துவிடும்.

சரி, ஆகஸ்ட் எதற்கு என்றால், 15-ஆம் தேதி சாந்தா மரியா, அதாவது மாதா விண்ணேற்புத் திருநாள். கோடை முழுக்க வாராவாரம் ஏதாவது ஓர் ஊரில் ஃபெஸ்டா, அதாவது கோயில் திருவிழா நடக்கும். ஆனால் இந்த ஒரு நாளில் மொஸ்டா, அட்டார்ட், குட்யா என்று பல ஊர்களுக்குச் சேர்ந்தாற்போல் திருவிழா. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942-ல், தீவே பட்டினி கிடந்தபோது 14 சரக்குக் கப்பல் புறப்பட்டு 5 தான் வந்து சேர்ந்தன. கடைசியில் வந்த ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பலை இரண்டு போர்க்கப்பல்கள் இரு பக்கமும் கட்டி இழுத்து வந்து துறைமுகத்தில் சேர்த்தது இதே ஆகஸ்ட் 15. நான் வேலை பார்க்கும் முதியோர் ஹோமில் இருக்கும் பெரியவர்கள் அதை நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள்.

எனக்கு இந்தத் திருவிழாக்களில் பிடிபட்ட சங்கதி வேறே, பட்டாசு. நாம் சிவகாசிப் பக்கத்து ஆட்கள், உன் தாத்தா பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். நமக்கு வெடி என்றால் தொழில், கூலி, தீபாவளி போனஸ். இங்கே பட்டாசு செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்குச் செய்வதில்லை. பகலில் ஆபீஸ் வேலை, தச்சு வேலை எல்லாம் முடித்துவிட்டு, ஊருக்கு வெளியே வயலில் இருக்கும் ஆலையில் போய் மருந்து கலந்து, திரி வைத்து, குண்டு கட்டுகிறார்கள். லைசென்ஸ் உண்டு, கூலி கிடையாது. பணம் ஊரில் வசூல்.

ஹோமில் ஒரு தாத்தா, இந்த வேலையில் இரண்டு விரலைக் கொடுத்தவர். நான் சிவகாசிக்காரி என்று தெரிந்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டார். பச்சை வெளிச்சத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். பேரியம்தான் போட்டோம், 2018-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டுவிட்டது என்றேன். மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “பச்சையே இல்லாமல் ஒரு ஃபெஸ்டாவா?” என்று அன்றைக்கெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனபோதும் அதே பேச்சு.

பெருமையாக மட்டும் எழுதினால் அது பொய். 2010 செப்டம்பரில் கோசோவில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஆறு பேர் போனார்கள். இங்கே அதைப் பேச்சில் சொன்னால் எனக்கு 2012-ல் சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் ஆலை வெடித்துப் போனவர்கள் ஞாபகம்தான் வரும். அங்கே வயிற்றுக்காகப் போனார்கள், இங்கே ஆசைக்காகப் போகிறார்கள். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நைட் ட்யூட்டி முடித்துத் தூங்கும்போது காலை எட்டு மணிக்கு வேட்டுப் போட்டார்களானால் இரண்டுமே வேண்டாம் என்று தோன்றும்.

இருந்தாலும் ஆகஸ்ட் 14-ஆம் தேதி ராத்திரி நாம் இம்ஆபா போகிறோம். விமான நிலையத்தை ஒட்டிய சின்ன ஊர். அதற்குள் இரண்டு பேண்ட் கிளப், இரண்டு பட்டாசு ஆலை, இரண்டு திருவிழா. ஜூனில் ஒரு கட்சி, ஆகஸ்ட்டில் மறு கட்சி. நம் ஊர் மேலத்தெரு கீழத்தெரு சண்டை தோற்றுவிடும். ஜூன் கட்சிக்காரர்கள் 2011-ல் 32 மீட்டர் அகலத்தில் ஒரு சங்கு சக்கரம் செய்து சுற்றவிட்டு கின்னஸில் ஏறிவிட்டார்கள். மற்றவர்கள் அதை எப்படித் தாங்கிக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள். மறுநாள் சாயங்காலம் மொஸ்டா. அந்தக் கோயில் குவிமாடத்தை 1942 ஏப்ரலில் விமானம் போட்ட ஒரு குண்டு பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது, சுமார் 300 பேர் இருந்தும் வெடிக்கவில்லை. மாதா சொரூபத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள், ஓர் அடி வைக்க ஒரு நிமிஷம் ஆகும், தூக்குகிறவர்கள் கழுத்து நரம்பு புடைத்திருக்கும். காலை பேண்ட் ஊர்வலத்துக்கு மட்டும் சின்னவனைக் கூட்டிப் போகக் கூடாது. பையன்கள் பீரை ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றிக்கொண்டு ஆடுவார்கள், எனக்கு அது ஆகாது.

தெருவிலேயே பேரீச்சம்பழம் வைத்து எண்ணெயில் பொரித்த இம்ஆரெத் விற்பார்கள், சூடாகச் சாப்பிடணும். வரும்போது சாத்தூர் காராசேவு ஒரு கிலோ கொண்டு வா, அந்தத் தாத்தாவுக்கும் கொஞ்சம். உன் பெரியம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல், நான் மாலத்தீவில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

தேதியை இந்த வாரமே முடிவு செய். அந்த வாரத்தில் தீவு முழுக்க லீவு கேட்கும், நான் முந்தி எழுதிக் கொடுத்தால்தான் எனக்குக் கிடைக்கும்.

அன்புடன்,
அம்மா