அண்ணாவுக்கு, பொத்தியாரைப் பற்றி

அன்புள்ள அண்ணா,

வருகிற மாதம் அப்பாவுக்கு முதல் வருடத் திதி. யார் யாரை அழைப்பது, சமையலுக்கு யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் சித்தப்பா உன்னிடம் பேசியிருப்பார். நான் எழுத வந்தது வேறு. தொலைபேசியில் உன் குரலைக் கேட்டதும் எனக்குப் பேச்சு எழுவதில்லை என்பதாலும், சொல்ல வேண்டியதில் பாதி புறநானூற்றைப் பற்றியது என்பதாலும், பாடல்களைப் பற்றி வழக்கமாக எழுதும் இந்த இடத்திலேயே எழுதுகிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். உறவினர்களும் படிப்பார்கள், ஆகவே நீயும் அப்பாவும் பேசாமல் இருந்ததன் காரணத்தை நான் தொடப் போவதில்லை. அது உங்கள் இருவருக்கும் உரியது.

உறையூரில் வளர்ந்த நமக்கு, அங்கிருந்து ஆண்ட சோழ மன்னன் கோப்பெருஞ்சோழனின் கதையை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டு வகுப்பில் அந்தப் பாடல்களை நடத்தியபோது, எப்போதும் போலப் பிள்ளைகள் புலவர் பிசிராந்தையாரைத்தான் கொண்டாடினார்கள். ஒருமுறைகூடக் கண்ணால் காணாத நண்பன் சாகக் கிடக்கிறான் என்றதும் பாண்டி நாட்டிலிருந்து வந்து, அவன் பக்கத்தில் அமர்ந்து உயிர்விட்டவரை யார்தான் கொண்டாட மாட்டார்கள்? எனக்கு மட்டும் மனம் வரவில்லை. 212ஆம் பாட்டிலிருந்து 223 வரை ஒரே மூச்சில் படித்துப் பார், அங்கே இன்னொருவர் ஓரமாக நிற்பது தெரியும். பொத்தியார். மன்னனோடு அன்றாடம் இருந்த புலவர். அவன் வடக்கிருக்க, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட, புறப்பட்டபோது தாமும் உடன் வருவதாக நின்றவர். அவரை மன்னன், 'உன் மனைவிக்கு மகன் பிறந்த பின் வா' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். பிசிராந்தையார் வருவாரா என்று மற்றவர்கள் ஐயப்பட்டபோது, 'இன்னே வருகுவன்; ஒழிக்க அவற்கு இடமே', இப்போதே வருவான், அவனுக்கு இடம் விடுங்கள், என்று சொன்னவனும் அவனேதான். வராதவருக்கு இடம் ஒதுக்கினான். கூடவே இருந்தவரை வீட்டுக்குப் போகச் சொன்னான். நட்புக்கு இலக்கணம் என்று நாம் பாடம் நடத்தும் கதைக்குள் இப்படி ஒருவர் விலக்கி வைக்கப்பட்டிருக்கிறார் என்பது, இத்தனை ஆண்டுகளாக நடத்தியும், போன வருடம் வரை எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் அந்த வார்டில் நீ வருவதற்கு முன் நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவின் கட்டிலருகே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் அமர்ந்துதான் நான் பஞ்சை நனைத்து அவர் உதட்டைத் துடைப்பேன், இரவில் தலையைக் கட்டிலில் சாய்த்துக்கொள்வேன். அன்று மாலை சித்தப்பா வந்து, 'பெரியவன் பெங்களூரிலிருந்து கிளம்பிட்டானாம்' என்றார். அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கையால் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்து, 'நாற்காலிய விட்டு எந்திரிம்மா, அவன் வந்தா உட்காரணும்' என்றார். 'இன்னும் கிருஷ்ணகிரிகூடத் தாண்டியிருக்க மாட்டான்பா' என்றேன். 'எந்திரி' என்றார் மறுபடியும். எழுந்தேன். உட்காரும் இடத்தைத் துண்டால் துடைக்கச் சொல்லிக் கைகாட்டினார், துடைத்தேன். பிறகு அவர் முகத்தை அந்தப் பக்கமாகவே திருப்பிக்கொண்டார். நீ வந்து சேரும் வரை, டிபன் கேரியர் பையைக் கையில் பிடித்தபடி நான் சுவரோரம் நின்றேன். கால் வலித்ததைச் சொல்லவில்லை. அவர் கண்ணில் அப்படி ஓர் ஒளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதைத்தான் சொல்கிறேன். எத்தனை நாள் பணிவிடை செய்தும் என்னால் வரவழைக்க முடியாத ஒளி.

நீ வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரத் துணியாமல், 'அப்பா என்மேல கோபமா இருக்காரா?' என்று என்னிடம் கேட்டாய். உனக்கு நரைத்துவிட்டிருந்தது. சின்ன வயதில் மதிப்பெண் அட்டையை மறைத்துக்கொண்டு நீ நின்ற அதே நிலைதான். கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் என்ற இன்னொரு புலவர் காலந்தாழ்த்தி வந்து, மன்னன் வடக்கிருக்கும் ஆற்றிடை மரநிழலில் நின்று, 'புலவுதி மாதோ நீயே', என்மேல் கோபமாக இருக்கிறாய் போலும், என்று குழைவாரே, அந்தக் குரல் உன் குரலாகத்தான் இப்போது எனக்குக் கேட்கிறது. எவ்வளவு காலமாகத் தனியாக அந்தக் கேள்வியைச் சுமந்திருந்தாயோ. அந்த நேரத்தில் உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. உன் பையை வாங்கி வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏனென்றால் அப்பா உன் கையைப் பிடித்த உடனே என்னிடம், 'பாப்பாவுக்குக் காலையில பரீட்சை, நீ வீட்டுக்குப் போ, இவன் இருக்கான்ல' என்று சொல்லிவிட்டார். நான் போனேன். விடிவதற்குள் உன் அழைப்பு வந்தது. நீ அவரோடு இருந்தது ஓர் இரவு, அண்ணா. அந்த ஓர் இரவுக்காக, 'சேதி கேட்டதும் பறந்து வந்தான், மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று வீடு நிறைய ஆட்கள் பேசினார்கள். அதை நீயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாய். 'இவளும் இருந்தாள்' என்று ஒரு சொல் உன் வாயிலிருந்து வரவில்லை.

காரியம் முடியும் வரை நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கும், நீ ஊருக்குக் கிளம்பியபோது அடுக்களையை விட்டு வெளியே வராததற்கும் மன்னித்துக்கொள். மனமாரக் கேட்கிறேன். ஆனால் அந்த நாள்களில் வேறு எப்படி நடந்துகொண்டிருக்க முடியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொத்தியாரும் அடக்கமாகத் திரும்பி வந்து நிற்கவில்லை. மகன் பிறந்த பின் போகிறார். மன்னன் நடுகல்லாகி, இறந்தவர் நினைவாக நடும் கல்லாகி, நிற்கிறான். அந்தக் கல்லைப் பார்த்து, 'என் இவண் ஒழித்த அன்பிலாள' என்கிறார். உயிராக நேசித்தவனை அன்பில்லாதவனே என்று அழைத்துவிட்டு, அதே மூச்சில் 'என் இடம் யாது?' என்று கேட்கிறார். கோபமும் ஏக்கமும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன. வகுப்பில் அந்த வரிக்குப் பொருள் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்த பாட்டில், கல்லான பின்னும் மன்னன் இடம் கொடுத்தான் என்று பொத்தியார் மகிழ்கிறார். அப்பாவிடம் கேட்க எனக்குக் கல்லும் இல்லை, காவிரியில் கரைத்தாகிவிட்டது. ஆனால் பிசிராந்தையார் செய்த ஒன்று இருக்கிறது. அதை உன்னால் செய்ய முடியும். மன்னனுடைய சிறப்பைத் தொலைவிலிருந்து பாடியபோதே, 'பொத்தில் நண்பின் பொத்தியொடு கெழீஇ, வாயார் பெருநகை வைகலும் நக்கே' என்று பாடியவர் அவர். தாம் இல்லாத இடத்தில், தம் நண்பனோடு நாள்தோறும் சிரித்துக்கொண்டிருப்பவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கு அதில் பொறாமை இல்லை. மறைக்கவும் இல்லை, பெயரைச் சொல்லியே பாடினார். பிசிராந்தையாரை மறுபடியும் நேசிக்க எனக்கு அந்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது.

திதியன்று நான் அடுக்களையில் இருக்கப் போவதில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எள்ளும் நீரும் இறைப்பேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். வழக்கமில்லை என்றார், நீ சரி என்றால் அவரும் சரி என்பார். முந்தைய நாளே வந்துவிடு. அந்த இரவில் அப்பா என்னென்ன பேசினார் என்று எனக்குச் சொல். என்னைக் கேட்டாரா என்று சொல். கேட்கவில்லை என்றால் அதையும் அப்படியே சொல். ஆறுதலுக்காக எதையும் சேர்க்காதே.

உன் தங்கை