பத்தமடையிலிருந்து தமிழ்நாடு அரசின் சட்டத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டத் துறை அதிகாரிகளுக்கும், மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பொறுப்பு வகிப்போருக்கும் வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தறியில் உட்காருவது என் மாமியாரும் நாத்தனாரும். ஆர்டர் பிடிப்பது, பார்சல் அனுப்புவது, கணக்கு எழுதுவது என் வேலை. கடை வைக்க எங்களுக்கு வசதியில்லை. ஒரு பெரிய சமூக ஊடக நிறுவனத்தின் செயலியில் நான்கு ஆண்டுகளாக ஒரு பக்கம் வைத்திருந்தோம். அதுதான் எங்கள் கடை.

எங்களிடம் அதிகம் கேட்பது கல்யாணப் பாய். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் நெய்துகொண்டு வரும்போதே மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் எழுத்தெழுத்தாக உள்ளே கொண்டுவர வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் அதுவரை நெய்ததைப் பிரித்தாக வேண்டும் என்பதால், பெயரை வாடிக்கையாளரே எழுதி அனுப்பச் சொல்வோம்.

சென்ற ஆவணி மாதம் ஒரு காலையில் செயலியைத் திறந்தபோது, விதிகளை மீறியதால் எங்கள் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டதாக ஒரே ஒரு வரி இருந்தது. எந்த விதி, எந்தப் படம், எந்தச் சொல் என்று எதுவும் இல்லை. பதினொரு குடும்பங்களின் பெயர்களும் முகவரிகளும் தேதிகளும் அந்தக் கணக்குக்குள் சிக்கிக்கொண்டன. அன்று தறியில் பாதி நெய்த பாய் ஒன்று இருந்தது. அதில் பெண்ணின் பெயர் ஏறிவிட்டது. மணமகனின் பெயர் நான் திறக்க முடியாத அந்தச் செய்திக்குள் இருந்தது. "மாப்பிள்ள பேரு என்னம்மா?" என்று மாமி மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பாவு நூலை அறுத்து, பாயைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டார்.

முறையிட்டேன். அன்றே ஒரு பதில் வந்தது. அது எந்திரம் எழுதியது என்பது படித்தவுடன் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து, முடிவு இறுதியானது என்று இன்னொரு வரி வந்தது. களவு வழக்கில் கூண்டில் நிற்பவருக்குக்கூட அவர்மேல் உள்ள குற்றம் என்னவென்று படித்துச் சொல்கிறார்கள். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு உங்கள் ஆணைக்குழுவே வக்கீல் அமர்த்தித் தருகிறது. பாய் விற்றவளுக்கு அந்த அளவு மரியாதைகூடக் கிடைக்கவில்லை என்பதே என் மனக்குறை.

சேரன்மகாதேவியில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் போனேன். நாங்கள் படிக்காமலே சம்மதம் கொடுத்த ஒப்பந்தத்தை அவர் வரிவரியாகப் படித்து, வழக்கென்று வந்தால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று அதில் எழுதியிருப்பதைக் காட்டினார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று அவரே ஆறுதலும் சொன்னார். ஆனால், காசு கொடுத்தவர்தான் நுகர்வோர். பக்கம் வைத்திருந்தது இலவசச் சேவை என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதாடும் என்றார். விளம்பரத்துக்கு நான் கட்டிய 600 ரூபாய் ரசீதைக் காட்டினேன். அப்படியானால் அது வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்பார்கள், சொந்தப் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலுக்குச் சட்டம் தரும் விலக்கை நாம் நிறுவ வேண்டியிருக்கும் என்றார். தக்க காரணமின்றி ஒரு தரப்பே முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை நியாயமற்ற ஒப்பந்தம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆயினும் அந்தப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இல்லை, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளை நான் மறக்கவில்லை. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள சமூக ஊடக நிறுவனம் இங்கேயே வசிக்கும் ஒரு குறைதீர் அலுவலரை வைக்க வேண்டும். அவர் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, குறித்த நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதற்கும் மேலே, 2023இல் மத்திய அரசு மேல்முறையீட்டுக் குழுக்களை அமைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாடு முழுமைக்கும் மூன்றே குழுக்கள். அவை கணக்கைத் திறக்கச் சொல்லலாமே தவிர, கெட்டுப்போன கல்யாண ஆர்டருக்கு ஒரு ரூபாய் இழப்பீடு வாங்கித்தர அவற்றுக்கு வழியில்லை.

பெரிய இடத்து வழக்குகள் வேகமாக நடப்பதையும் பார்க்கிறோம். எனக்கு நேர்ந்ததோடு தொடர்பில்லாத செய்தி இது: 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு ஆண்ட்ராய்டு வழக்கில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; உச்ச நீதிமன்றம் வரை போய்வந்த அதன் மேல்முறையீட்டில் 2023 மார்ச் மாதமே தீர்ப்பு வந்துவிட்டது. அபராதம் உறுதியானதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆறு மாதத்துக்குள் ஒரு மேல்முறையீட்டில் தீர்ப்பு வரும் என்பதையும் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் சீமைக்காரர்களுக்கு நீதிமன்றத்தின் தூரம் புதிய துன்பமன்று. உயர் நீதிமன்ற வழக்கென்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, 600 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சென்னையில் காத்துக்கிடந்து, வாய்தா வாங்கித் திரும்பிய காலம் எங்கள் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தென்மாவட்ட வழக்கறிஞர்களும் மக்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2004 ஜூலை 24 அன்று மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அந்தத் தூரத்தை அரசு குறைத்தது; இப்போது ஒரு நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதைக் கடல்கடந்த தூரமாக்கிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 22ஏ பிரிவு, நிரந்தர மக்கள் நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய பொதுப் பயன்பாட்டுச் சேவைகளைச் சொல்கிறது. போக்குவரத்து, தபால், தந்தி, தொலைபேசி, மின்சாரம், தண்ணீர், துப்புரவு, மருத்துவமனை, காப்பீடு ஆகியவை அதில் உள்ளன. பொதுநலன் கருதி வேறு சேவைகளையும் அறிவிக்கை மூலம் சேர்க்க மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் அதே பிரிவு அதிகாரம் தருகிறது. தந்தி சேவையே 2013இல் நின்றுபோனது. அது இருக்கும் பட்டியலில், இன்று ஊரெல்லாம் பிழைப்பு நடத்தும் சமூக ஊடகச் சேவையும் இணைய விற்பனைத் தளங்களும் இடம்பெற வேண்டும்.

அப்படிச் சேர்த்தால், மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் தலைமையில் சமரசம் பேசலாம். சமரசம் ஏற்படாவிட்டால் அந்த மன்றமே தீர்ப்புச் சொல்லலாம், அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். நிறுவனத்தின் அலுவலர் இந்தியாவிலேயே இருக்கிறார் என்பதால் அழைப்பாணை அனுப்பவும் முகவரி உண்டு. பத்தமடையிலிருந்து பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குக் காலையில் பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். வழக்கு நடக்கும்வரை கணக்கை மூடியே வைத்தாலும், உள்ளே கிடக்கும் எங்கள் வாடிக்கையாளர் செய்திகளை எங்களிடம் தரச் சொல்லவும், முடக்கிய காரணத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லவும் அங்கே கேட்டுப்பார்க்க முடியும்.

இந்த அறிவிக்கையை வெளியிட மாநில அரசுக்குத் தடை ஏதும் இருக்குமானால், அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மத்திய அரசிடம் முறையிட எனக்கு அது உதவும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதாக இருந்தால், முடங்கிய கணக்கின் படமும் விளம்பர ரசீதும் அந்தப் பாதிப் பாயும் எடுத்துக்கொண்டு மாமியோடு வருவேன்.

இப்படிக்கு,
பத்தமடைப் பாய் நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்